ஹார்ட் டிஸ்க் ‘செத்துவிட்டது’ என்று கொண்டுவருகிறவர்களுக்கு

தைப்பூசம் முடிந்த வாரத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் என் கடை மேசையில் வெளி ஹார்ட் டிஸ்க்குகள் குவிந்துவிடும். மற்ற நாள்களில் அடையாள அட்டை நகல், பள்ளிப் பாரம், விரிசல் விட்ட கைப்பேசிக் கண்ணாடி என்று பொழுது போகும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், சுங்கை சிப்புட்டில் கணினிக் கடை வைத்திருப்பவனுக்கு அன்றாட வருமானம் அதில்தான். விழாக் காலத்தில் மட்டும் ஊரே பழைய படங்களைத் தேடுகிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் யாரோ ஒருவர், “நம் தோட்டத்துக் கோயில் படம் யாரிடமாவது இருக்கிறதா?” என்று கேட்டுவிடுகிறார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி இறங்குகிறது. மடிக்கணினியில் செருகினால் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை அது மைலோ டின்னிலோ துண்டில் சுற்றியோ என்னிடம் வந்து சேரும். “தம்பி, இது செத்துவிட்டது” என்பார்கள்.

பெரும்பாலும் செத்திருக்காது. இத்தனை வருடத்தில் நான் கண்டவரை, கணினிக்குத் தெரியாத ஹார்ட் டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் கேபிள், துளை, மின்சாரம் என்று வெளிக்கோளாறுகளாகவே இருக்கின்றன. உண்மையாகவே நோயுற்ற டிஸ்க்குகளிலும் உள்ளே இருக்கும் படங்களை எடுக்க வழி உண்டு, வீட்டில் யாரும் கை வைக்காமல் இருந்திருந்தால். எனவே வந்தவரிடம் நான் முதலில் விசாரிப்பது டிஸ்க்கைப் பற்றி அல்ல. தெரியவில்லை என்றதும் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பேன். அந்த முதல் அரைமணி நேரத்தில் நடப்பதுதான் பெரும்பாலும் படங்களின் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

கேபிளிலிருந்து தொடங்குகிறேன். சட்டைப்பையில் அடங்குகிற வகை ஹார்ட் டிஸ்க்கின் பின்புறத் துளையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். அகலமாக, தட்டையாக, நடுவே ஓர் ஒடுக்கத்துடன் இரண்டு அறையாக இருக்கும். பெரிய அறை, பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் சார்ஜர் நுழைகிற அதே அளவு. அதில் ஐந்து முனைகள். பக்கத்துச் சிறிய அறையில் இன்னும் ஐந்து. யூஎஸ்பி 3.0 வேகம் இந்தப் பின்னைய ஐந்தின் வழியாகத்தான் வருகிறது. இதனால் ஒரு வசதி உண்டு: பழைய கைப்பேசிக் கேபிளைப் பெரிய அறையில் மட்டும் செருகினாலும் டிஸ்க் வேலை செய்யும், மெதுவாக. டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இது கைகொடுக்கும் சோதனை. ஆனால் அந்தக் கைப்பேசிக் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே செய்யப்பட்டதாக இருந்தால், அதற்குள் தகவல் போகும் கம்பியே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க்கின் மேல் பழி விழும்.

இந்த அகலத் துளையைப் பற்றி எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. ஆழம் போதாது. செருகி வைத்தால் பிடிமானமே இல்லை. நம் வீடுகளில் மடிக்கணினி இருப்பது மேசையில் அல்ல, மெத்தையில், அல்லது சோபாவின் கைப்பிடியில். டிஸ்க் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும். தொங்கத் தொங்க, உள்ளே பலகையில் பற்றவைத்த துளை சிறிது சிறிதாகத் தளர்கிறது. எல்பில் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கொண்டுவந்த டிஸ்க் அப்படித்தான். பழைய வீடியோ நாடாவிலிருந்து மாற்றிய தீமிதித் திருவிழா அதில் இருந்தது. கேபிளை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தால் விளக்கு எரியும். கையை எடுத்தால் அணையும். வேறு கேபிள் போட்டு, டிஸ்க்கைக் கனமான தொலைபேசிப் புத்தகத்தின் மேல் அசையாமல் கிடத்தினேன். விளக்கு நின்று எரிந்தது, உள்ளே தட்டு சுழலும் சன்னமான முனகல் விரல் நுனிக்குத் தெரிந்தது, திரையில் பெயர் வந்துவிட்டது. “இவ்வளவுதானா தம்பி?” என்றார். இவ்வளவுதான் அக்கா, ஆனால் நகல் எடுத்து முடிக்கும்வரை இதைத் தொடக்கூடாது என்று சொல்லி உட்காரவைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்தது மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டிருப்பது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3.0 துளை 900. தட்டு ஒரே வேகத்தில் சுழல்வதற்கு இது தாராளம். நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்கும் அந்த முதல் சில விநாடிகளில்தான் இடறும். பாரம் ஏற்றிய கைவண்டியை முதலில் நகர்த்தத்தானே மூச்சு வாங்குகிறது. மின்சாரம் போதவில்லை என்றால் டிஸ்க் சுழலத் தொடங்கி, ‘டிக்’ என்று நின்று, மறுபடி தொடங்கும். கேட்பவர் காதுக்கு அது சாவுச் சத்தம். மேசைக் கணினியின் முன்புறத் துளையிலிருந்து கழற்றிப் பின்புறத் துளையில், அதாவது தாய்ப்பலகையோடு நேராக இணைந்ததில், செருகினால் பல நேரம் சரியாகிவிடுகிறது. இடையில் தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி பிரிப்பான் பெட்டி (ஹப்) இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நீளமான மெல்லிய கேபிளும் வேண்டாம். வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துபோகும்.

பெரிய வகை, மேசை மேல் நிற்கிற டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் வரும், பெரும்பாலும் 12 வோல்ட். இங்கே ஆபத்து வேறு. ஒவ்வொரு வீட்டிலும் பழைய அடாப்டர்கள் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை இருக்கிறது: இணைய மோடத்தினுடையது, கண்காணிப்புக் கேமராவினுடையது, காலாவதியான மடிக்கணினியினுடையது. முனையெல்லாம் ஒரே மாதிரி வட்டம், எதை எதில் செருகினாலும் நுழையும். 12 வோல்ட் கேட்கிற டிஸ்க்கில் மடிக்கணினியின் 19 வோல்ட்டைச் செருகினால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு தன்னைப் பலி கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு நிற்கும். இல்லையென்றால் பலகையே போகும். அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். கண்ணாடி போட்டாவது படித்துவிட்டுச் செருகுங்கள். பிற்பகல் இடிக்குப் பழகிய ஊர் இது. இடி மழைக்கு மறுநாள் வருகிற பெரிய டிஸ்க்குகளில் அடாப்டர் மட்டும் செத்து, டிஸ்க் நலமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான வோல்ட்டும் போதுமான ஆம்பியரும் முனையின் அதே துருவமும் உள்ள மாற்று அடாப்டர் கிடைத்தால் கதை முடிந்தது.

கேபிளும் மின்சாரமும் ஒழுங்கு, தட்டு சுழல்கிறது, ஆனாலும் ‘என் கணினி’ப் பக்கத்தில் எதுவும் இல்லை என்றால்? விண்டோஸில் தொடக்கப் பொத்தானின் மேல் வலது சொடுக்குச் சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். பார்க்க மட்டும் செய்யுங்கள். அங்கே டிஸ்க் தெரிந்தால் கணினி அதை உணர்ந்துவிட்டது என்று அர்த்தம். மிச்சம் வெறும் எழுத்துக் கணக்கு.

எழுத்துக் கணக்கு என்றே சொல்கிறேன், ஏனென்றால் பல நேரம் கோளாறு ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது. விண்டோஸ் ஒவ்வோர் இயக்ககத்துக்கும் ஆங்கில எழுத்து ஒன்றைப் பெயராகக் கொடுக்கிறது. அந்த எழுத்து கொடுக்கப்படாவிட்டாலோ, வேறொன்று அதை எடுத்துக்கொண்டிருந்தாலோ, டிஸ்க் உள்ளே வந்தும் வாசலில் பெயர் இருக்காது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வீட்டில் தெரிகிற டிஸ்க் பள்ளியில் தெரியவில்லை. பள்ளிக் கணினியில் வலையமைப்புக் கோப்புறை ஒன்றுக்கு அதே எழுத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள். “சார், உங்கள் டிஸ்க்குக்கு வேறு எழுத்து போட்டுவிட்டேன், இனி இரண்டு இடத்திலும் வரும்” என்றேன். எவ்வளவு கட்டணம் என்று கேட்டார். ஓர் எழுத்துக்கு எப்படிக் காசு வாங்குவது? தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

சில டிஸ்க்குகள் அங்கே ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் அச்செடுத்து, இரண்டையும் ஒரே கணினியில் செருகினால் இரண்டுக்கும் ஒரே அடையாளக் குறி இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். தோட்ட அலுவலகத்துப் பழைய கணினி வேறு ரகம். கிராணியின் மேசையில் இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக வாங்கிய பெரிய டிஸ்க்கை அது ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்குகளுக்குப் பொதுவாக ஜிபிடி என்ற பிரிவினை அட்டவணை தேவை. சாதாரண 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது. பழுது டிஸ்க்கில் இல்லை.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்யவேண்டும்” என்று விண்டோஸ் திரையில் நீட்டுகிற சிறு பெட்டி. இதைப் போல ஊர்க் குடும்பங்களின் படங்களைத் தின்ற பெட்டி வேறு இல்லை. அது சொல்வதன் பொருள் ‘டிஸ்க் காலி’ என்பதல்ல. ‘இதில் எழுதியிருப்பதை என்னால் படிக்கமுடியவில்லை’ என்பது மட்டும்தான். படிக்க முடியாததற்கு ஆயிரம் காரணம். கோலாலம்பூரில் படிக்கிற மகன் தன் மேக் கணினியின் முறையில் அதை அமைத்திருக்கலாம். அந்த முறை விண்டோஸுக்குத் தெரியாது. மறுபக்கம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. தொலைக்காட்சிப் பெட்டியில் நிகழ்ச்சி பதிவதற்காக அப்பா செருகியபோது தொலைக்காட்சி அதைத் தன் பாணியில் மாற்றியிருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ பிடுங்கியதால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்திருக்கும் அட்டவணையின் ஒரு மூலை மட்டும் கிழிந்திருக்கலாம். அத்தனைக்கும் விண்டோஸிடம் ஒரே மருந்துதான்: ஃபார்மட்.

வேண்டாம் என்று அழுத்துங்கள். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால், ‘விரைவு’ வகை ஃபார்மட் என்றால் இன்னும் நம்பிக்கை உண்டு. அது புதிய அட்டவணையை எழுதுகிறது, பெரும்பாலான படங்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதன்பின் அந்த டிஸ்க்கில் ஒரு கோப்புகூடப் புதிதாகப் போடாமல் இருந்தால் போதும். முழு ஃபார்மட் வேறு சங்கதி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது தட்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதுகிறது. அதற்குமேல் நானில்லை, யாருமில்லை.

பிடுங்குவதைப் பற்றி ஒன்று. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளி டிஸ்க்குகளை ‘பாதுகாப்பாக அகற்று’ என்று சொடுக்காமல் கழற்றலாம் என்ற ஏற்பாடு இயல்பாக வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று பையன்கள் வாதாடுகிறார்கள். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த ஏற்பாடும் காப்பாற்றாது. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடவேண்டும் என்று எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்த டிஸ்க்குகள் இதில் இன்னும் மென்மையானவை. என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் மாற்றப் பதிவேடு அவற்றில் கிடையாது.

இனி, உண்மையாகவே நோயுற்றவை. ‘டக், டக், டக்’ என்று சீராக அடித்துவிட்டு அடங்கினால், நல்ல கேபிளிலும் நல்ல துளையிலும் அதே சத்தம் வந்தால், படிக்கும் முனைக்குப் பழுது வந்திருக்கலாம். மெலிதாக விசில் போல ஒலித்து, தட்டு சுழலவே இல்லையென்றால் முனை தட்டில் ஒட்டியிருக்கலாம் அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். இரண்டிலும் செய்யவேண்டியது ஒன்றே: கழற்றி வைத்துவிடுவது. ‘இன்னும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமே’ என்கிற ஒவ்வொரு முறையும், பழுதான முனை தட்டின் மேல் கோடு கிழிக்கலாம். முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள்தான் நம் இளைஞர்கள் ஸ்குரூ டிரைவரை நீட்டுகிறார்கள். காணொளியில் பார்த்தேன் அண்ணே என்று மூடியைத் திறந்து, தட்டில் கட்டைவிரல் ரேகையோடு கொண்டுவந்த ஒருவரிடம், இனி இதற்குச் சடங்குதான் செய்யவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். குளிர்ப்பெட்டியில் வைத்தால் உயிர் வரும் என்ற பழைய வைத்தியத்தை இன்னமும் நம்புகிறார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்த மறுநிமிடமே அது வேர்க்கும். அதற்குப் பிறகு மின்சாரம் கொடுப்பது கொலை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் கோப்புறை திறக்க யுகம் ஆகிறது என்றால் அது இடைநிலை நோயாளி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பைப் பார்க்கலாம். அதில் 05, C5 (அதாவது 5, 197) என்ற குறியெண் உள்ள வரிகளில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் ஏறிக்கொண்டே போனால் தட்டில் படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன. இந்த நிலையில் ‘செக்டிஸ்க்’ ஓட்டாதீர்கள். அது அட்டவணையை ஒழுங்குபடுத்தும் கருவி. படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது போடுகிற உழைப்பே டிஸ்க்கை முடித்துவிடக்கூடும். நான் முதலில் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி, முழு டிஸ்க்கையும் வேறொன்றில் அச்செடுப்பேன். எளிதாகப் படிக்கிற பகுதிகளை அது முதலில் வாரிக்கொள்ளும், அடம்பிடிக்கிற இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். பழுது பார்ப்பது, தேடுவது எல்லாம் அந்த அச்சின் மேல்தான். மூலத்தை மூட்டை கட்டிவிடுவேன்.

அட்டவணை மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் பல நேரம் மீட்டுத் தருகிறது. அதுவும் முடியாதபோது ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள். அது அட்டவணையைப் பார்க்காது, படக் கோப்பு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தட்டு முழுவதும் துழாவி எடுக்கும். படம் வரும், பெயர் வராது. இதைச் சொன்னால், படம் வந்தால் போதாதா என்பார்கள். போதாது என்று பிறகுதான் தெரிகிறது. ‘பழைய லயம்’, ‘பெரியப்பா கல்யாணம்’, ‘கோயில் இடிக்கும் முன்’ என்று கோப்புறைகளுக்கு யாரோ பொறுமையாக வைத்த பெயர்கள் போய், எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கான படங்கள் வரிசை கட்டி நிற்கும். அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது இருக்கிறாரா என்பது என் கையில் இல்லை.

இதில் நான் சற்று அதிகமாகவே கோபப்படுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுடப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி எத்தனையோ நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதே தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை சுமந்தவர்கள் வாழ்ந்த லயங்கள் எப்படி இருந்தன, ஆடித் திருவிழாவில் கரகம் யார் எடுத்தார் என்பதெல்லாம் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. தோட்டம் கைமாறி, மக்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த பிறகு அது இருக்கிற ஒரே இடம் இந்தக் கறுப்புப் பெட்டிகள். அதற்கும் ஒரே ஒரு பிரதி!

இரண்டாவது பிரதி வையுங்கள் என்றால், டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று பதில் வருகிறது. முன்பு முடியும், பெட்டியை உடைத்தால் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க் இருக்கும், நேராகக் கணினியில் பொருத்தலாம். இப்போதைய சிறிய டிஸ்க்குகள் பலவற்றில் யூஎஸ்பி துளையே டிஸ்க்கின் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும் தகவல் பூட்டப்பட்டே எழுதப்படுகிறது. சாவி அந்தப் பலகையில்தான். ஆகவே பலகை எரிந்தால் அதைத் தூக்கி எறியக்கூடாது.

மலிவாக இரண்டாவது பிரதி எடுக்கிறேன் என்று, ஐம்பது ரிங்கிட்டுக்கு ‘16 டெராபைட்’ என்று இணையத்தில் விற்கிறதை வாங்கவும் வேண்டாம். அந்தப் பளபளப்பான உறைக்குள் இருப்பது பொதுவாகச் சின்ன நினைவக அட்டை ஒன்று, தன் அளவைப் பற்றிப் பொய் சொல்லப் பழக்கப்பட்டது. அதன் உண்மையான கொள்ளளவு நிறைந்த பிறகு போடுகிற படங்கள் பெயரளவில் தெரியும், திறக்காது. வாங்கிவிட்டீர்கள் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டு, விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

‘டக் டக்’ என்று அடிக்கிற டிஸ்க்கை நான் வாங்கிக்கொள்வதில்லை. தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்புக் கூடங்களுக்குத்தான் அது போகவேண்டும். செலவு ஆயிரங்களில் போகலாம் என்பதால், அனுப்புமுன் அதில் என்ன இருக்கிறது, எந்தக் கோப்புறை முதலில் வேண்டும் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதச் சொல்வேன். மற்றவற்றை என்னிடம் கொண்டுவரலாம். வரும்போது கேபிள், அடாப்டர் இரண்டையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். அந்த ஃபார்மட் பெட்டியில் எதை அழுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மனத்துக்குள் திட்டுவேன், கட்டணத்தில் சேர்க்கமாட்டேன்.